முனையில் ஆளில்லாத படகு

தான் செத்துப்போன விஷயம் ஒதிலா மொஸ்கேராவுக்குத் தெரியவந்தபோது அவள் ஒரு கையால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேகவைத்த வாழைக்காயைத் தின்றுகொண்டிருந்தாள். தோஸ் போக்காஸ் ஊர்க் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த நுபியா நிமிர்ந்து பார்த்தாள். படகைப் பார்த்தாள், படகில் இருந்தவளைப் பார்த்தாள். கையிலிருந்த சட்டையை ஆற்றோடு விட்டுவிட்டு, "ஏசுவே! ஏசுவே!" என்று சிலுவை போட்டபடி மேட்டில் ஏறி ஓட்டம் பிடித்தாள்.

படகின் முன்முனையில் நின்றிருந்த அபெலினோ மிதந்துவந்த சட்டையைக் கழியால் தூக்கி உள்ளே போட்டான்.

"இவளுக்கு என்ன கேடு வந்துச்சு?" என்றாள் ஒதிலா.

"காலங்காத்தால உன் மூஞ்சியப் பார்த்துட்டாள்ல, கொமாத்ரே."

ஒதிலாவின் மகனுக்கு அபெலினோ ஞானத்தகப்பன். அந்த உறவில் அவன் அவளைக் 'கொமாத்ரே' என்பான். அவள் காரியம் ஆக வேண்டும்போது 'கொம்பாத்ரே' என்பாள், மற்ற நேரங்களில் வாயில் வந்ததைச் சொல்லிக் கூப்பிடுவாள். இரண்டுக்கும் அவன் ஒரே மாதிரிதான் திரும்பிப் பார்ப்பான்.

படகைக் கட்டிவிட்டு இருவரும் மேலே ஏறினார்கள். நுபியாவின் வீட்டு வாசலில் ஊரே கூடி நின்றது, யாரும் பக்கத்தில் வரவில்லை. உள்ளே சுவரில் வெள்ளைத் துணி கட்டி, நடுவில் கறுப்புக் காகிதத்தில் வெட்டிய வண்ணத்துப்பூச்சியைக் குத்தி, கீழே மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். பிரிந்த ஆத்மா ஒன்பது நாளும் தாகத்தோடு அலையும் என்று இந்த ஆற்றோரத்தில் எல்லா வீட்டிலும் வைக்கும் தண்ணீர்தான்.

"யாரு போயிட்டாங்க?" என்றாள் ஒதிலா, தொப்பியைக் கழற்றிக்கொண்டே.

எல்லாரும் நுபியாவைப் பார்த்தார்கள். கடைசியில் அவள்தான் சொன்னாள். "நீதான் அக்கா."

ஒதிலா நுபியாவைப் பார்த்தாள். வண்ணத்துப்பூச்சியைப் பார்த்தாள். பிறகு நேராகப் போய் அந்தத் தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். கூட்டத்தில் யாரோ ஒருத்தி வீலென்று கத்தினாள்.

"எனக்கு வெச்ச தண்ணிதானே? தாகமா இருந்துச்சு, குடிச்சிட்டேன். இப்போ சொல்லுங்க, எந்தப் படுபாவி என்னைச் சாகடிச்சது?"

யாரும் சாகடிக்கவில்லை. போன சனிக்கிழமைச் சந்தைக்கு ஒதிலாவின் ஊரான புவெர்த்தோ எஸ்பேராவுக்குப் போனவர்கள் மீன் அங்காடிச் சுவரில் அவளைப் பார்த்திருக்கிறார்கள். சுவர் முழுக்க அவள் படம். வெள்ளைச் சட்டை, தலைக்குப் பின்னால் ஒளி, வானத்தைப் பார்த்த கண்கள். இந்த ஆற்றில் சுவரில் ஏறுபவர்கள் எல்லாரும் செத்தவர்கள்தான். சின்ன வயதில் போனவனை அவனுடைய நண்பர்கள் தெருச்சுவரில் வரைந்துவைப்பார்கள், இதே வெள்ளைச் சட்டையில், இதே மாதிரி மேலே பார்க்கவைத்து. உயிரோடிருப்பவளை வரைவதற்கு யாருக்கு என்ன வந்தது?

"அதுமட்டும் இல்லக்கா," என்றாள் நுபியா. "படகு நடு ஆத்துல போகுது, முனையில ஆளே இல்ல. முனைக்காரன் இல்லாம எந்தப் படகு போகும் சொல்லு? கட்டை மோதினா என்ன, பாறை மோதினா என்னன்னு போற படகு ஒண்ணுதான். அதுல ஏறினவங்க திரும்பி வரமாட்டாங்க."

நியாயமான பேச்சுதான். இந்தத் தகாரோ ஆறு கலங்கல் தண்ணீர். மழைக்காலத்தில் முழு மரங்களையே வேரோடு இழுத்துக்கொண்டு வரும். பின்னால் மோட்டார் பிடிப்பவருக்கு எதுவும் தெரியாது. முனையில் நிற்பவன்தான் கண். அவன் இல்லாமல் படகு எடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுவதற்குச் சமம்.

முதலில் ஒதிலாவுக்குச் சிரிப்புதான் வந்தது. மோட்டார் படுத்துவிட்டதால் உதிரிச் சாமான் வாங்கக் கீழே நகரத்துக்குப் போனவள், அது கப்பலேறி வரும்வரை ஏறக்குறைய ஒரு மாதம் அங்கேயே கிடந்தாள். நேற்றுத்தான் புவெர்த்தோ எஸ்பேராவுக்குத் திரும்பினாள். பட்டறை கீழ்த்துறையில். அங்கேயே மோட்டாரை மாட்டிக்கொண்டு இன்று விடியற்காலை மூடுபனியில் கிளம்பி வந்தாயிற்று. மேல்துறையில் இருக்கும் மீன் அங்காடிப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. 'உன் படம் பிரமாதம்' என்று பட்டறையில் ஒருவன் சொன்னதற்கு, பேப்பரில் போட்டிருப்பார்கள் போல என்று விட்டுவிட்டாள். தலைநகரத்திலிருந்து ஹிமேனா என்றொரு பெண் வந்து, அவளைப் படகோடு சேர்த்து விதம்விதமாகப் போட்டோ எடுத்துப்போனது ஞாபகம் இருந்தது.

நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் மெல்ல மெல்ல அவளைத் தொட்டுப் பார்த்தார்கள். கரும்புச் சாராயம் வந்தது. ஒரு பெண் சிரித்துக்கொண்டே அழுதாள். "ராத்திரியெல்லாம் உனக்காகப் பாடினோம் அக்கா. தொண்டையே போச்சு. எங்க அம்மாவை வெள்ளத்துல நீ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதை நான் சொன்னேன். உன் மழைக்கோட்டைக் கழட்டி அம்மாவுக்குப் போர்த்திட்டு நீ நனைஞ்சுகிட்டே ஓட்டினியே, அதைச் சொல்லிட்டு நான் அழுத அழுகை இருக்கே..."

"நான் என் பேத்தியைப் பத்திச் சொன்னேன்," என்றார் ஒரு கிழவர். "உன் படகுலதானே பொறந்துச்சு அது."

"நான் உன் வாயைப் பத்திச் சொன்னேன்," என்றான் இன்னொருவன். "திட்டிக்கிட்டே காப்பாத்தறவ நீன்னு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

சாராயக் கிண்ணம் ஒதிலாவின் கையிலேயே நின்றது. அவள் முகம் மாறுவதை அபெலினோ முதலில் கவனித்தான்.

"இவ்வளவு வருஷத்துல," என்றாள் அவள், "இதுல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, யாராவது என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கீங்களா? கரையில எறங்கினதும் அவனவன் பாட்டுக்குப் போவீங்க. சரி, வலி, அவசரம், போறாங்கன்னு நானும் விட்டேன். பார்த்தா எல்லாத்தையும் மூட்டை கட்டி வெச்சிருக்கீங்க! எதுக்கு? நான் செத்த பிறகு காகிதப் பூச்சிகிட்ட சொல்றதுக்கா? எனக்கு என்ன பிரயோஜனம் அது? காது இருக்கும்போது சொல்லித் தொலைச்சா என்ன?"

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் கண்கள் கூட்டத்தைத் துழாவின. "எங்கே எலியேசெர்? முதல் ஆளா வந்து நிப்பானே. அவன் என்ன சொன்னான் என்னைப் பத்தி?"

நுபியா தன் பாவாடைத் துணியைப் பிசைந்தாள். எலியேசெர் அவளுடைய தம்பி.

"உன்னோட கடைசி ராத்திரி அலங்காரத்துக்கு ஓலை வெட்டக் காட்டுக்குப் போனான் அக்கா. பாம்பு கடிச்சிருச்சு."

ஒதிலா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு ஏன் போன் பண்ணல? ஆத்து வளைவு வரைக்கும் போனா சிக்னல் கெடைக்குமே? நகரத்துல இருந்தாலும் நான் யாரையாவது பிடிச்சு அனுப்பியிருப்பேனே?"

"செத்துப்போனவளுக்கு எப்படி அக்கா போன் பண்றது?"

துடுப்புப் போட்டே கொண்டுபோயிருக்கிறார்கள். இருட்டில் ஒரு மரத்தில் சிக்கிப் படகு கவிழ்ந்து, மீண்டும் ஏற்றி, மறுநாள் மதியம்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். உயிர் இருக்கிறது. வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஒதிலா எழுந்து போய் அந்தக் கறுப்பு வண்ணத்துப்பூச்சியைப் பிய்த்துக் கசக்கி எறிந்துவிட்டுத் துறைக்கு இறங்கினாள். அபெலினோ பின்னாலேயே ஓடினான்.

கீழே வரும் வழி முழுக்க அவள் பேசிக்கொண்டே வந்தாள். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அபெலினோ முனையில் நின்று இடது வலது என்று கையை ஆட்டினான். அவள் திட்டிக்கொண்டே திருப்பினாள்.

ஆஸ்பத்திரியில் எலியேசெர் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது. பிறகு சிரிக்கப் பார்த்தான்.

"இந்த டிரிப்ஸ்ல வலி மருந்து எவ்வளவு கலந்திருக்காங்கன்னு தெரியல. செத்தவங்க எல்லாம் கண்ணுல தெரியுறாங்க."

"நான் சாகலடா, முட்டாளே."

"சாகலயா?" அவன் அவளையே பார்த்தான். பிறகு போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தான். "அப்போ இது எதுக்குப் போச்சு?"

கேள்வி அவ்வளவுதான். கோபமாகக்கூட அவன் கேட்கவில்லை. தெருவில் வழி கேட்பவன்போல் கேட்டான். ஒதிலாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வசவு இருந்தது, இதற்கு இல்லை. போர்வையை அவன் மார்புவரை இழுத்துவிட்டாள்.

அங்கிருந்து நேராக மீன் அங்காடிக்குப் போனாள்.

படம் நன்றாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. வரைந்த ஹிமேனா கைதேர்ந்தவள். ஆற்றின் காப்பித் தண்ணீர் நிறம், கரையின் பச்சை, மோட்டார் பிடித்த கையில் நரம்பு, எல்லாம் அச்சு அசலாக இருந்தன. வரும் சனிக்கிழமை திறப்புவிழா என்பதால் சுவரின் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே அணைந்த மெழுகுவத்திகள், வாடிய பூக்கள். தகரத்தில் வெட்டிய குட்டிப் படகு ஒன்றை யாரோ வேண்டுதல்போல வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். உச்சியில் பெரிய எழுத்தில், 'எங்கள் ஆற்றின் தாய்க்கு நன்றியுடன்' என்றும், அதற்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் மேயர் பெயரும் இருந்தன.

ஒதிலா தன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு சாந்தமாக அவள் வாழ்நாளில் இருந்ததில்லை. அவளை என்னவோ செய்தது அந்தக் கண்கள்தான். மேலே, தூரத்தில், எதையோ முழுமனதாக நம்பிப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள். நான் எங்கே வானத்தைப் பார்த்தேன்? மோட்டார் பிடித்தால் எனக்கு வானம் ஏது?

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. போட்டோ எடுத்த அன்று பாறைமடுவைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே முனைக்காரன் உட்காரமாட்டான், எழுந்து நிற்பான். பின்னால் தாழ உட்கார்ந்திருப்பவள் அவன் கையைப் பார்க்கத் தலையைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அந்தக் கண்கள் கடவுளைப் பார்க்கவில்லை. அபெலினோவைப் பார்த்துக்கொண்டிருந்தன. படத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறான் என்று அந்தப் பெண் அவனை எடுத்துவிட்டாள், பார்வையை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள்.

அவள் திரும்பினாள். அபெலினோ கொஞ்சம் தள்ளி, மீன் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"நீ இதைப் பார்த்திருக்கே."

"பார்த்தேன்."

"எப்போ?"

"வரைஞ்சு முடிச்ச அன்னைக்கு."

"ஏன்டா என்கிட்ட சொல்லல? நேத்து முழுக்க என்கூடதானே இருந்தே?"

அபெலினோ மூக்கைச் சொறிந்தான். "நான் இல்லாத படத்தைப் பத்தி நான் என்னத்தைச் சொல்றது, கொமாத்ரே?"

காலையில் தோஸ் போக்காஸில் அவள் போட்ட கூச்சல் அவள் காதிலேயே திரும்ப ஒலித்தது. ஒரு வார்த்தை சொன்னீர்களா, ஒரே ஒரு வார்த்தை! இவனுக்கு நான் எத்தனை சொல்லியிருக்கிறேன்? எருமை என்று சொல்லியிருக்கிறேன், தூங்குமூஞ்சி என்று சொல்லியிருக்கிறேன். நினைத்துப் பார்த்தால் வேறு எதுவும் சொன்னதாக ஞாபகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் அவளுக்குக் கோபமும் சேர்ந்து வரும். அந்தக் கோபத்தைத் தூக்கிக்கொண்டு நகராட்சி மாடிப்படி ஏறினாள்.

மேயர் வில்மார் கோர்தோபா அவளைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். காப்பி வரவழைத்தார். "ஒதிலா அம்மா! பார்த்தீங்களா? உயிரோட இருக்கும்போதே இப்படி ஒரு மரியாதை, இந்த மாகாணத்துலயே யாருக்கும் கெடைச்சதில்ல!"

"அதுதான் மேயர், விஷயமே. உயிரோட இருக்கேன்னு அந்தச் சுவத்துக்குத் தெரியல. அழிச்சிடுங்க. இல்லேன்னா முனையில ஆளை வரைஞ்சு வேலை செய்யற படகா மாத்துங்க. மேலாத்துல இருக்கறவங்க என்னைக் கூப்பிட மாட்டேங்கறாங்க. ஒருத்தன் கால் போயிருச்சு."

மேயர் நாற்காலியில் சாய்ந்தார். "அந்தப் பாம்புக்கடி விஷயம் கேள்விப்பட்டேன், ரொம்ப வருத்தம். ஆனா அம்மா, சுவத்துல வரைஞ்சா செத்துட்டாங்கன்னு நெனைக்கறது பழைய மூடநம்பிக்கை. ஜனங்களை நாமதான் மாத்தணும்."

"எலியேசெரோட கால் மூடநம்பிக்கையா?"

"அப்படிச் சொல்லல..."

"ஆம்புலன்ஸ் படகு வாங்கறேன்னு ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் ஜனங்களை நம்ப வெக்கிறீங்களே, அதுக்கு என்ன பேரு?"

மேயரின் புன்னகை கொஞ்சம் சுருங்கியது. விண்ணப்பம் மேலே போயிருக்கிறது, பரிசீலனையில் இருக்கிறது என்றார். அதற்கிடையில் ஊரின் நன்றியைக் காட்டத்தான் இந்த ஓவியம் என்றார். சனிக்கிழமை கவர்னரே வருகிறார், அனுமதி வாங்கிய ஓவியத்தில் யாரும் கை வைக்க முடியாது, அது பொதுச்சொத்து என்றார்.

"என் மூஞ்சி பொதுச்சொத்தா?"

"சுவர் பொதுச்சொத்து."

"சரி. இவனையாவது அதுல சேருங்க. இவன் நின்னாத்தான் அது உயிருள்ள படகு." அவள் வாசல்பக்கம் கையைக் காட்டினாள். அபெலினோ தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

மேயர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இவர் யாரு?"

இந்த ஊர்ப் பள்ளியில் படித்த மனிதர் கேட்ட கேள்வி இது. இரண்டு தடவை அந்தப் படகில் ஏறி ஓட்டுக் கேட்கப் போனவர் கேட்டது. ஒதிலா காப்பியைக் குடிக்காமல் எழுந்தாள். நன்றி சொல்வதற்கென்று ஒரு ஓவியமே வரைந்தவர்களுக்கு யாருக்குச் சொல்கிறோம் என்று பார்க்கக்கூட முடியவில்லை. படகு வாங்கித் தரத் துப்பில்லை என்றால் படகைப் படமாக வரைந்து மாட்டிவிடலாம், அதற்குப் பெட்ரோல் வேண்டாம். தாய் என்று எழுதிவிட்டால் தாய் எதுவும் கேட்கமாட்டாள்! இப்படியெல்லாம் நினைத்தபடி படியிறங்கினாள். கொஞ்சத்தை உரக்கவே சொல்லியிருக்க வேண்டும், கீழே பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை, சந்தைப் படகுகள் வருவதற்கு முன்னால், ஒதிலா பட்டறையிலிருந்து படகுக்கு அடிக்கும் பெயிண்ட் டப்பாக்களோடு மீன் அங்காடிக்கு வந்தாள். நீலம், பழுப்பு, கறுப்பு, அவ்வளவுதான். ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள்.

"வா இங்கே. ஏறு."

"எங்கே?"

"படகுல. முனையில. எனக்கு வரையத் தெரியாது. நீ சுவத்தோட ஒட்டி நில்லு, சுத்திக் கோடு போட்டுக்கறேன்."

அபெலினோ மீன் கூடைகளை அடுக்கி அதன்மேல் ஏறி, சுவரில் முகம் புதைய, முதுகைக் காட்டி நின்றான். ஒரு கை தூக்கியபடி. அவள் தூரிகையைத் தோய்த்துத் தோளிலிருந்து ஆரம்பித்தாள். முன்னால் நின்றால் இவனோடு என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இந்த முதுகை அவளுக்குத் தெரியும். மழையில், வெயிலில், மூச்சுத்திணறும் ஆட்களைக் கிடத்திக்கொண்டு போகும் அவசரத்தில், அவள் பார்த்துக்கொண்டே இருந்தது இதைத்தான். இது நிமிர்ந்து நின்றால் பயமில்லை, வளைந்தால் பாறை.

"கொம்பாத்ரே."

"ம்."

"திரும்பாதே. நான் பேசறப்போ திரும்பாதே." தூரிகை அவன் இடுப்பைச் சுற்றி இறங்கியது. "அந்தப் படத்துல இருக்கற கண்ணு உன்னைத்தான் பார்க்குது. நீ இல்லேன்னா நான் எப்பவோ கட்டையில மோதிச் செத்திருப்பேன். நானும், நான் கூட்டிட்டுப் போனவங்களும். நன்றின்னு ஒண்ணு இருக்கில்ல. அதை நான் உனக்குச் சொல்லவே இல்ல. இப்போ சொல்றேன். நன்றி."

அவன் முதுகு ஒருமுறை ஏறி இறங்கியது.

"இதைச் சொல்றதுக்கு நீ ஒரு தடவை சாக வேண்டியிருந்துச்சா, கொமாத்ரே?"

"வாயை மூடுடா எருமை. ஆடாதே, கோடு கோணுது."

கோடு கோணித்தான் போயிருந்தது. தலை கொஞ்சம் பெரிது, தோள் ஒன்று ஏறி ஒன்று இறங்கி, ஹிமேனாவின் ஓவியத்துக்குப் பக்கத்தில் பள்ளிப்பிள்ளை கிறுக்கியதுபோல இருந்தது. ஆனால் அவன் இறங்கிக்கொண்டு, அவள் உள்ளே பழுப்பும் நீலமும் அப்ப ஆரம்பித்ததும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சத்தமில்லாமல் நின்றார்கள். கண்களுக்கு எதிரே ஆள் வந்துவிட்டான். இப்போது அவள் சொர்க்கத்தைப் பார்க்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலாற்றுப் படகுகள் வர ஆரம்பித்தன. முதல் படகில் வந்த பெண்கள் வழக்கம்போலச் சிலுவை போடக் கையைத் தூக்கினார்கள், பாதியில் நிறுத்தினார்கள்.

"ஏய், முனைக்காரன் நிக்கறான் பாரு!"

"அபெலினோ மாதிரி இல்ல?"

"அவனேதான். அப்போ படகு ஓடுது."

"அதோ அவளே நிக்கறாளே, கையில பெயிண்ட்டோட!"

சிரிப்பு கரையேறியது. மீன் விற்பவள் ஒருத்தி மெழுகுவத்திகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள், கரண்ட் போகும்போது ஆகும் என்று. எலியேசெரின் மாமன் ஒருவன் நெருங்கிவந்து, எதுவும் சொல்லாமல் ஒதிலாவின் தோளைத் தட்டிவிட்டு நின்றான்.

அதற்குள் மேயர் வந்துவிட்டார். வெள்ளைக் கோட்டு, பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். சுவரைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்தார், போலீஸ்காரர்கள் கூட்டத்தோடு சேர்ந்து சிரிப்பதையும் பார்த்தார். முகம் வேறு மாதிரி ஆனது.

"பிரமாதம்!" என்றார் உரக்க. "மக்களே பங்கெடுத்த ஓவியம்! கவர்னர்கிட்ட இப்படியே சொல்லிடலாம். இதையும் சேர்த்துத் திறந்துவெச்சிருவோம், ஒதிலா அம்மா."

ஒதிலா மெதுவாகத் திரும்பினாள். இவ்வளவு நாளும் அவள் கத்தியே எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். இப்போது கத்தவில்லை, அதனாலேயே எல்லாருக்கும் கேட்டது.

"இதைத் திறக்க ஒண்ணும் இல்ல மேயர், இது ஏற்கெனவே ஓடிட்டிருக்கு. உங்களுக்கு வேற சுவர் நெறைய இருக்கே. ஒரு சுவத்துல எலியேசெரோட காலை வரைஞ்சு வைங்க. பக்கத்துல உங்க பேரைப் பெருசா எழுதுங்க. அதுக்கு ரிப்பன் வெட்ட எந்தக் கவர்னர் வர்றார்னு பார்ப்போம்."

சிரிப்பு நின்றுவிட்டது. மேயர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அப்போது துறையிலிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். மேலாற்றுக்காரி. சுவரைப் பார்க்கக்கூட இல்லை, நேராக ஒதிலாவிடம் வந்தாள்.

"ஒதிலா அக்கா! நீ இருக்கேன்னு படகுல சொன்னாங்க. என் மாமியாருக்கு ராத்திரியில இருந்து மூச்சு இழுக்குது, படுக்கவே முடியல. வந்து கூட்டிட்டு வர்றியா?"

"அபெலினோ!"

அவன் ஏற்கெனவே துறையில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

ஒதிலா சுவரை ஒரு பார்வை பார்த்தாள். அபெலினோவுக்கு இடுப்பு வரைக்கும்தான் பெயிண்ட் ஆகியிருந்தது. கீழே வெறும் கோடு. அவள் சொட்டச் சொட்டத் தூரிகையை மேயரின் கையில் திணித்தாள். வெள்ளைக் கோட்டில் பழுப்பு வழிந்தது.

"இவன் கால் பாக்கி இருக்கு. எலியேசெர் காலைத்தான் உங்களால திருப்பித் தர முடியாது. இந்தக் காலையாவது போட்டு முடிங்க."

மேயர் தூரிகையைப் பிடித்தபடி நின்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, அதைக் கீழே போடவும் முடியவில்லை. ஆற்றில் மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது.